பாக்கியம் அக்காவிடம் நான் சொல்லாதது

தம்பி, அன்றைக்குப் பாக்கியம் அக்கா வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “அக்கா, செல்லம்மாவ ஆஸ்பத்திரியிலேயே விட்டுடுங்க. எங்க வீட்டுக்காரர நான் கூட்டியாந்தேன். வர்ற வழியிலேயே மூச்சு மாறிடுச்சு.” அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. நீ எனக்குப் பின்னால் வேலியோரம், கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டபடி நின்றிருந்தாய். நான் சொல்வேன் என்று நம்பித்தான் கூடவே வந்திருந்தாய். நான் சொல்லவில்லை.

இதை உன் தோட்டத்து ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தபாலில் போட்டிருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். வாசலில் நின்று அதிகம் பேசாதவள், வீட்டு விஷயத்தை வெளியே விடாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நான் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஊரில் இன்னும் காய்ச்சல் போகவில்லை. இன்னும் நம் ஆட்கள் ஆஸ்பத்திரியின் அந்த நீளமான வார்டில் பாய் போட்டுக் கிடக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் இதைப் படிக்கலாம், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. கடைத்தெருவில் நம்மை அக்காவும் தம்பியும் என்று நினைத்தவர்கள் உண்டு. உன் அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார், நீ முறைப்பாய். உன்னைத் தூங்க வைத்துக்கொண்டே நான் படித்தேன். கப்பலில் வரும் பழைய பத்திரிகை, உன் அப்பா தான் வேலை பார்த்த அரிசிக் கிட்டங்கி முதலாளியிடம் இரவல் வாங்கி வரும் புத்தகம், சாமான் கட்டி வந்த காகிதம்கூட விட மாட்டேன். ஊரைவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் குடியிருக்கும் இந்தத் தேக்காவில், நம் வீட்டு வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்தி என்றானது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் “இப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்பார்கள். படிக்கத் தெரிந்தவளுக்கு என்ன செய்வது என்றும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் அதை மறுத்ததே இல்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

உனக்குச் சுகாதார அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது என்ன வேலை என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த தமிழர் யார், வீட்டுக்குப் போனவர் யார், போலீஸ் நிலையத்தில் சாவைப் பதிந்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், சுடுகாட்டுக்கும் கபருஸ்தானுக்கும் எத்தனை பேர் வந்தார்கள், இதையெல்லாம் தினமும் சேர்த்து வாரக் கடைசியில் வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் பரவத் தொடங்கியதும் அது ஓயாத வேலையாகிவிட்டது. அப்பா அரிசி மூட்டைக்குக் கணக்கு வைத்தவர் அல்லவா, சாப்பிடும்போது உன்னைச் சீண்டுவார். “நான் மூட்டைய எண்றேன், நீ ஆளை எண்றே. என் மூட்டை பேசாது, நான் பொழச்சேன்” என்றார் ஒரு நாள். நீயும் சளைக்கவில்லை. “என் ஆளுங்களும் பாதிப் பேர் பேச மாட்டாங்கப்பா” என்றாய். நான் உங்கள் இருவரையும் கண்டித்தேன். சோற்று வேளையில் என்ன பேச்சு என்றேன். உன் வேலையை நான் எப்படிப் பார்த்தேன் என்பது அதிலேயே இருந்தது. வெளியில் யாராவது கேட்டால் “ஆபீஸில் எழுத்து வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சுடுகாட்டுக்குப் போய் வருகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குப் பெண் பார்க்கும் யோசனை அப்போது இருந்தது, அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் நீ வந்ததும் குளிக்காமல், சட்டையோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாய். மற்ற இனத்தவரைவிட நம்மவர்கள் ஆஸ்பத்திரியில் குறைவாகத்தான் சாகிறார்கள், நிறையப் பேர் தேறி வீட்டுக்குப் போகிறார்கள் என்று டாக்டர் துரை சந்தோஷப்பட்டாராம். நீயும் முதலில் சந்தோஷப்பட்டாயாம். பிறகு போலீஸ் நிலையத்திலிருந்து வந்த சாவுப் பெயர்களை எழுதும்போது, இந்தப் பெயரை எங்கோ பார்த்தோமே என்று தோன்றியதாம். தேறி வீட்டுக்குப் போனதாக நீயே எழுதியவர்களின் பெயர்கள். அதே விலாசம், அதே வயது. வீட்டில் இறந்ததால் காரணம் வெறும் காய்ச்சல் என்று பதிந்திருந்தார்கள். “யாரும் தேறிப் போகலம்மா. சாகறதுக்காகக் கூட்டிட்டுப் போறாங்க” என்றாய். எனக்கு அது புதிய செய்தியாக இல்லை. உனக்குத் தெரியாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நம் வரிசையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். வெளியில் போன உயிருக்கு வீட்டுக்குள் இடமில்லை. உடலைத் தெருவில் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். வாயில் பால் ஊற்ற ஆள் இருக்காது, பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்க முடியாது. அதனால் மூச்சு ஒரு மாதிரி இழுக்கத் தொடங்கியதும் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள். அதை ஆஸ்பத்திரியில் எதற்குச் சொல்ல வேண்டும்? வீட்டுக்குப் போகிறோம் என்றால் வீட்டுக்குப் போகிறோம் என்று அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நீதான் பிடிவாதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். முதலில் கஞ்சி குடித்தார், வார்டில் பக்கத்துப் பாய்க்காரரைக் கேலி பண்ணினார். பிறகு ஒரு நாள் நான் போனபோது கண் மூடிக் கிடந்தார். நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரிச் சத்தம். கூட வந்த உறவுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். கூட்டிப் போகும் நேரம் வந்துவிட்டது என்பதுதான் அந்தப் பார்வை. நீ என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய், “இன்னும் கொஞ்சம் பொறும்மா. படுத்த எடத்துலயே அசையாம கெடந்தா சில பேருக்கு மூச்சு தாங்குது. நான் தினம் பாக்குறேன்” என்று கெஞ்சினாய். நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. “நீ ஊரான் கணக்கப் பாக்குற. இவரு உன் அப்பா.” உண்மையில் அந்த நேரத்தில் அவருடைய உயிரைப் பற்றி நான் யோசிக்கவில்லை, தம்பி. உடலைப் பற்றித்தான் யோசித்தேன். நம் வாசலுக்கு வெளியே, ரோட்டோரம், வண்டிகள் போகிற இடத்தில் அவரைக் கிடத்தி வைத்து நாலு பேர் எட்டிப் பார்ப்பதாக என் மனக்கண்ணில் ஓடியது. அவருக்கு அது அவமானமா எனக்கு அவமானமா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

ரிக்‌ஷாவில் அவரை உன் மடியில் சாய்த்துக்கொண்டு வந்தாய். நான் பின்னால் இன்னொன்றில் வந்தேன். மழை பெய்து ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. பாலத்தருகே வண்டி குலுங்கி நின்றபோது அவர் கண் திறந்து, “எதுக்கு இவ்ளோ அவசரம்?” என்று கேட்டார். தெளிவான குரல். எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. நாம் இருவரும் அதைப் பற்றி இதுவரை பேசியதில்லை. மறுநாள் மத்தியானம் நம் கூடத்தில், நீ ஊற்றிய பால் கடைவாயில் வழிய, அவர் போனார். எல்லாம் முறைப்படி நடந்தது. வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைத்த மனிதர், சொந்த வீட்டில் கிடந்து போனார், நீ சரியான நேரத்தில் புத்தியோடு நடந்துகொண்டாய் என்றார்கள். நான் தலையாட்டினேன். அந்தப் பாராட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகு நான் ஒரு தரம் உன்னைக் கேட்டேன், அங்கேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. நீ பொய் சொல்லத் தெரியாதவன். “தெரியலம்மா. கூட்டிட்டு வந்ததால செத்தாங்களா, சாகப் போறாங்கன்னு கூட்டிட்டு வந்தாங்களான்னு கணக்க மட்டும் வச்சுச் சொல்ல முடியாது” என்றாய். நியாயமான பேச்சு. துரைகூட அப்படித்தான் சொன்னாராம். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் நீ சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அந்த ரிக்‌ஷா குலுக்கல் யாருக்கும் நல்லது செய்யாது, எனக்குக் காய்ச்சல் வந்தால் என்னை அங்கேயே விட்டுவிடு என்று நீ சொன்னாய். இதில் உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்குச் சந்தேகம் இருக்கும்போது அதை மறைக்காதே. ஆனால் சந்தேகம் இருந்தாலும் நீ என்ன செய்வாய் என்பதை முதலில் சொல், உரக்கச் சொல், சந்தேகத்தைப் பிறகு சொல். என்னைப் போன்றவர்கள் உன் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

காய்ச்சல் ஓய்ந்து, சில மாதம் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை நீ வீடு வீடாகப் போகத் தொடங்கினாய். வீட்டில் கிடப்பவர் யார், ஆஸ்பத்திரியில் இருப்பவர் யார், அங்கிருந்து எப்போது கூட்டி வந்தீர்கள் என்று கேட்டாய். எமனோட கணக்குப்பிள்ளை வர்றாரு என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவதை நான் சன்னல் வழியாகக் கேட்டேன். ஒரு வீட்டில் சாணித் தண்ணீரை வாசலில் தெளிக்கிற சாக்கில் உன் காலில் ஊற்றினார்கள். நீ வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்பாகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்காக வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்காவின் மருமகள் செல்லம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம் ஆகாத பெண். மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டுக்குமாகப் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பாள். என்னைப் பார்த்தால் மட்டும் நின்று, புத்தகத்தில் இன்றைக்கு என்ன கதை என்று கேட்பாள். அவளுக்கு மூச்சு இழுக்கிறது, கூட்டி வரப் போகிறார்கள் என்று நீ ஓடி வந்தாய். “நீ சொல்லும்மா. அப்பா விஷயத்தச் சொல்லு. நான் சொன்னா அடிக்க வருவாங்க, நீ சொன்னா கேப்பாங்க” என்றாய். நான் தாலி இழந்தவள், நோய் கண்ட வீட்டுக்கு நானாகப் போகக் கூடாது என்று தட்டிக் கழித்தேன். அந்தச் சாக்கும் நிலைக்கவில்லை. சற்று நேரத்தில் அக்காவே ஆள் அனுப்பினாள், யோசனை கேட்க.

பின்வாசலில் அக்காவும் அவள் மகனும் நின்றிருந்தார்கள். ரிக்‌ஷா ஏற்கனவே வந்து காத்திருந்தது. மகன் அழுதுகொண்டிருந்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லு தங்கச்சி. நாலு எழுத்து படிச்சவ. உன் வீட்டுக்காரர நீ கூட்டியாந்தியே, நல்லதுதான பண்ணின?”

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், என் கூடத்தில் நடந்ததெல்லாம் வேறொன்றாக மாறிவிடும். முறைப்படி வழியனுப்பியவள் என்ற பெயர் போய், அவசரப்பட்டுக் கொன்றவள் என்றாகும். யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நானே சொல்லிக்கொள்வேன். “நல்லதுதான்க்கா” என்றேன். அந்தப் பையன் உடனே ரிக்‌ஷாவில் ஏறினான். நான் திரும்பிப் பார்த்தபோது நீ கோட்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை.

செல்லம்மா பிழைத்துவிட்டாள். கூட்டி வந்த அன்று இரவு போய்விடுவாள் என்று எல்லோரும் காத்திருக்க, காலையில் கண்ணைத் திறந்து, கறந்த பால் என்ன ஆயிற்று என்று கேட்டாளாம். எழுந்து உட்கார்ந்ததும் அக்கா சர்க்கரைப் பொங்கல் வைத்து வரிசை முழுக்கக் கொடுத்தாள். நம் வீட்டுக்கும் வந்தாள். “இவள உன் கணக்குல எந்தப் பக்கம் எழுதுவ தம்பி?” என்று உன்னைக் கேட்டுச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். “தேறிட்டாங்கன்னு எழுதறேன்க்கா, மொதல் தடவையா நெசமா எழுதறேன்” என்று சொல்லிவிட்டு, இலையோடு வாங்கிச் சாப்பிட்டாய். உனக்கு உண்மையாகவே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அது செல்லம்மாவுக்காக மட்டும் இல்லை. நான் சொல்லாமல் விட்டது சரியாகப் போயிற்று என்று நிம்மதி. பார்த்தாயா, கூட்டி வந்ததால் கெட்டுப் போகவில்லை, அப்படியானால் அப்பாவும் விதி முடிந்துதான் போனார். ஒரு பெண் பிழைத்ததை எடுத்து என் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

வரிசை முழுக்க அதே கட்டுப் போட்டுக்கொண்டது. அதுவரை சாகட்டும் என்று கூட்டி வந்தவர்கள், இப்போது பிழைக்கட்டும் என்று கூட்டி வரத் தொடங்கினார்கள். மூச்சு இழுக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வீட்டுக் காற்று பட்டால் போதும், செல்லம்மாவைப் பாருங்கள் என்றார்கள். என்னிடமும் வந்து கேட்டார்கள். சிலரிடம் நானே செல்லம்மாவைக் காட்டினேன். நீ மாலையில் வந்து பெயர்களை எழுதுவாய். எனக்குத் தெரிந்த பெயர்கள். முன்பெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே எனக்குச் சொல்வாய், இப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல், உப்பு போதுமா, குடை எடுத்தாயா என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ என்னைத் திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். பேசப் பேச ஒருவேளை எனக்கே புரிந்திருக்கும். பெரியவர்களிடம் அடங்கிப் போகத்தான் உன்னைப் பழக்கினேன். பிள்ளை வளர்ப்பில் அதுவும் ஒரு தப்பு.

அக்கரையில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை வந்தது. நீயே கேட்டு வாங்கினாயா என்று நான் கேட்கவில்லை. ரயிலில் போய்ப் படகேறி ஜொகூரில் இறங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அங்கே கூலிக்காரர்களின் லயத்து வீடுகளுக்குப் போய்க் கேட்கும்போது கங்காணியை வைத்துக்கொண்டு கேட்காதே. எத்தனை பேர் செத்தார்கள் என்று தொடங்காதே. இங்கே யார் யார் படுத்துத் தூங்குவார்கள் என்று கேள், காலிப் பாயை அவர்களே காட்டுவார்கள். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டுப் பிறகு எழுது. ஒருத்தி பிழைத்தால் அவள் கதையை ஊர் சுமக்கும். இறந்தவர்களுக்கு நீ எழுதுகிற எண் ஒன்றுதான் மிச்சம், அதனால் சலித்துப்போய் விட்டுவிடாதே. கல்யாணம் செய்துகொள்ளும்போது உன்னோடு எதிர்த்துப் பேசுகிற பெண்ணாகப் பார். உன் வேலை என்ன என்று பெண் வீட்டாரிடம் நான் முழுதாகச் சொல்வேன். சுடுகாட்டுக்கும் போய் வருவான் என்பதையும் சேர்த்து.

நீ கிளம்பிப் போன வாரத்திலேயே, பின்தெருவில் கட்டை வண்டி ஓட்டுகிற சுப்பையா வந்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கூட்டி வரலாமா என்று கேட்டான். நான் அவனைப் படியில் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா கஞ்சி குடித்ததையும், நீ கெஞ்சியதையும், நான் எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதையும், பாலத்தருகே அவர் கேட்டதையும். பாக்கியம் அக்காவிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவன் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். “செல்லம்மா எப்படியோ பொழச்சா. அத நம்பாத. அங்கேயே விடு” என்றேன்.

“ஐயா போன துக்கம் இன்னும் ஒங்களுக்கு ஆறலம்மா” என்றான் சுப்பையா. “அதான் இப்படிப் பேசுறீங்க. எனக்குப் புரியுது.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் தன் வண்டியிலேயே வைக்கோல் பரப்பி அவளைக் கூட்டி வந்தான். வெள்ளிக்கிழமை அவள் இறந்துபோனாள்.